“எங்க காலத்துல…”, “ஓகே பூமர்”: தலைமுறைச் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்கள் இளையவர்களைப் பற்றிச் சொல்லும் குறைகளையும், இளையவர்கள் திருப்பிக் கொடுக்கும் கிண்டலையும் ஒட்டி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. பின்னால் வருபவை முந்தைய பதில்களை நம்பி நிற்பவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பூமர், ஜென் எக்ஸ், மில்லெனியல், ஜென் ஸீ… எந்த வருஷத்துல பிறந்தவங்க எதுல வருவாங்க?

பரவலாகப் புழங்குவது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பயன்படுத்திய கணக்கு. 1928 முதல் 1945 வரை பிறந்தவர்கள் ‘சைலண்ட்’ தலைமுறை, 1946–1964 பேபி பூமர், 1965–1980 ஜென் எக்ஸ், 1981–1996 மில்லெனியல், 1997–2012 ஜென் ஸீ. வேறு இடங்களில் ஓரிரண்டு ஆண்டுகள் முன்பின்னாக இருப்பதைப் பார்க்கலாம். அதில் யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லை என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான்.

2. நான் 1997 ஜனவரி, என் ஃப்ரெண்டு 1996 டிசம்பர். நாங்க வேற வேற தலைமுறைன்னா சிரிப்பா இருக்கே?

சிரிக்க வேண்டியதுதான். இந்தப் பெயர்களில் பூமருக்கு மட்டும்தான் மக்கள்தொகைக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை சட்டென்று ஏறியது. 1946இல் சுமார் 34 லட்சம் குழந்தைகள் பிறந்தன, பின்பு ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டியது, 1964க்குப் பிறகு அந்த அளவுக்குக் கீழே இறங்கியது. ஏறிய இடமும் இறங்கிய இடமும் தெரிவதால், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் இந்த ஒரு பெயரை மட்டும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. மற்றவை வசதிக்காக 15, 16 ஆண்டுகளுக்கு ஒரு கோடு கிழித்தவை. 1996க்கும் 1997க்கும் நடுவில் மனிதர்களை மாற்றும்படி எதுவும் நடக்கவில்லை.

2021இல் 150க்கும் மேற்பட்ட மக்கள்தொகை ஆய்வாளர்களும் சமூக அறிவியலாளர்களும், இந்தப் பெயர்களை விட்டுவிடும்படி பியூ மையத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். 2023இல் அந்த மையமும் இனி இவற்றைப் பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. கணக்குப் போட்டவர்களே பின்வாங்கிய பிறகும் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

3. ஆனா 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் பத்தி வர்ற மீம்ஸ் எனக்கு அப்படியே பொருந்துதே!

இரண்டு காரணங்கள். முதலாவது, அந்த மீம்களில் பாதி பொருள்களைப் பற்றியவை: பென்சிலால் சுற்றிய கேசட், ஒற்றை டிவி, டயல்-அப் சத்தம். ஒரே சமயத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் ஒரே பொருள்களைப் பார்த்திருப்பார்கள். இது உண்மையான ஒற்றுமைதான்.

இரண்டாவது காரணம் குணத்தைப் பற்றிய மீம்களுக்கு. “வெளியில் சிரிப்பார்கள், உள்ளே நிறைய யோசிப்பார்கள்”, “விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் ஏமாற்றினால் மன்னிக்க மாட்டார்கள்” என்பது போன்றவை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ‘உங்களுக்கென்றே எழுதிய ஆளுமைக் குறிப்பு’ என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். பொருத்தம் எவ்வளவு என்று கேட்டபோது 5க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி: மீமில் உள்ள ‘90ஸ்’ என்பதை அழித்துவிட்டு ‘70ஸ்’ என்று எழுதி உங்கள் அத்தையிடம் காட்டுங்கள். அவரும் தலையாட்டினால் அது யாருடைய குணமும் அல்ல.

4. இளசுகளைப் பெருசுகள் திட்டுறது சாக்ரடீஸ் காலத்துலேயே இருந்துச்சாமே?

இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வாசகம் சாக்ரடீஸ் சொன்னதல்ல. “இன்றைய பிள்ளைகள் சொகுசை விரும்புகிறார்கள், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதில்லை” என்று போகும் அது, கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் பழங்காலத்துப் புகார்களைத் தன் நடையில் சுருக்கி எழுதியதிலிருந்து வந்தது. அச்சில் வந்தது 1907இல்.

அசலான சான்றுகள் இதைவிடச் சுவையானவை. அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலின் இரண்டாம் பகுதியில் இளைஞரையும் முதியவரையும் அடுத்தடுத்து வைத்து விளாசுகிறார். இளைஞர்களுக்கு எல்லாம் தெரிந்த நினைப்பு, எதையும் அளவுக்கு மீறிச் செய்வார்கள், நம்பிக்கையில் வாழ்வார்கள். முதியவர்கள் யாரையும் நம்ப மாட்டார்கள், கஞ்சத்தனம், நினைவுகளில் வாழ்வார்கள். இன்றைய மீம் இரண்டு பக்கமும் அங்கேயே இருக்கிறது. ரோமானியக் கவிஞர் ஹோரஸ், தான் சிறுவனாக இருந்த காலத்தைப் புகழ்ந்தபடி இளையவர்களைத் திருத்தக் கிளம்பும் கிழவரைக் கிண்டல் செய்திருக்கிறார்.

5. பழைய புகார்ங்கிறதால அது பொய்யாயிடுமா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு நிஜமாவே மரியாதை குறைஞ்சுபோயிருக்கலாமே?

நியாயமான கேள்வி. பழைய புகார் என்பதாலேயே அது பொய்யாகாது. ஆனால் யார் எதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு சங்கதி தெரிகிறது. ஜான் புரோட்ஸ்கோவும் ஜொனாதன் ஸ்கூலரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதைப் பெரிதாக மதிக்கும் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்றார்கள். நிறையப் புத்தகம் வாசிப்பவர்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டம் போய்விட்டது என்றார்கள். தன்னிடம் எது தூக்கலோ அதுதான் பிள்ளைகளிடம் குறைவாகத் தெரிகிறது. இன்றைய தன்னை, அன்றைய பிள்ளைகள் எல்லோர் மீதும் ஏற்றிப் பார்ப்பதே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

2023இல் ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் இருவரும் 60 நாடுகளின் கருத்துக் கணிப்புகளைத் தொகுத்தார்கள். எங்கும் மக்கள் ‘ஒழுக்கம் கெட்டு வருகிறது’ என்கிறார்கள், குறைந்தது 70 ஆண்டுகளாக அதையே சொல்லி வருகிறார்கள். ஆனால் “இப்போது உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்?” என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாக வந்த பதில்களில் சரிவு ஏதும் இல்லை. கெட்ட செய்தி கண்ணில் அதிகம் படுகிறது, பழைய கெட்ட நினைவுகளோ நல்லவற்றைவிடச் சீக்கிரம் மங்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் நேற்று எப்போதும் இன்றைவிட நல்லதாகத்தான் தெரியும். இன்னொன்றையும் கவனித்தார்கள்: தனக்கு நேரில் தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்டால் அந்தச் சரிவு காணாமல் போகிறது.

6. பொறுமையாவது குறைஞ்சிருக்கும்ல? ரீல்ஸ் பார்க்கிற பசங்க…

இதை அளந்திருக்கிறார்கள். குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, “நான் வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போகும் அந்தப் பழைய சோதனை 1960களிலிருந்து அமெரிக்காவில் நடந்து வருகிறது. 2018இல் வெளியான ஒப்பீட்டின்படி, 2000களின் குழந்தைகள் 1960களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 2 நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். முன்கூட்டியே கேட்டபோது பெரியவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு சோதனையை வைத்து எல்லாப் பொறுமையும் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. குறைந்துவிட்டது என்பவர்கள்தான் இனி கணக்குக் காட்ட வேண்டும்.

7. வயசு, காலம், தலைமுறை மூணையும் குழப்பிக்கிறோம்னு சொல்றாங்களே. புரியற மாதிரி சொல்லுங்க.

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. 22 வயதுக்காரர் ஒருவர் காலையில் தாமதமாக எழுகிறார் என்று வையுங்கள். அது அவர் வயதின் விளைவாக இருக்கலாம், அப்படியானால் 22 வயதில் நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள், 40இல் அவரும் மாறுவார். காலத்தின் விளைவாக இருக்கலாம், அப்படியானால் இன்று 60 வயதுக்காரரும் முன்பைவிடத் தாமதமாகத்தான் எழுவார். பிறந்த ஆண்டின் விளைவு என்றால் மட்டும்தான் அது ‘தலைமுறை’. அப்போது அவர் 60 வயதிலும் அப்படியே இருப்பார்.

பிரித்துப் பார்க்க எளிய வழி: இன்றைய 22ஐ இன்றைய 55ஓடு ஒப்பிடாதீர்கள். இன்றைய 22ஐ, 55 வயதுக்காரர் 22ஆக இருந்தபோது எடுத்த பதிவோடு ஒப்பிடுங்கள். பதிவு என்றால் அன்று எழுதியது, அன்று அளந்தது. இன்று நினைவிலிருந்து சொல்வது கணக்கில் வராது (காரணம் 5இல்). அமெரிக்காவில் 1972 முதல் ஒரே கேள்விகளைத் திரும்பக் கேட்டு வரும் பொதுச் சமூகக் கணிப்பு போன்றவை இதற்குத்தான் பயன்படுகின்றன.

அப்போதும் முழுதாகத் தீராது. ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும், அதனால் மூன்றின் பங்கையும் வெறும் எண்களை வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கக் கணிதத்தில் வழி இல்லை. ஆய்வாளர்கள் ஏதாவது ஒரு ஊகத்தைச் சேர்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். “மில்லெனியல்கள் இப்படித்தான்” என்று ஒரே ஒரு ஆண்டின் கணிப்பை வைத்து வரும் செய்தியை அப்படியே ஒதுக்கிவிடலாம். ஒரே ஆண்டில் எடுத்த கணிப்பில் வயதும் பிறந்த ஆண்டும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

8. இளைஞர்கள் ஒரு வேலையில நிலைச்சு நிக்க மாட்டேங்கிறாங்களே, அது தலைமுறைப் பிரச்சினைதானே?

மேலே சொன்ன முறையை அப்படியே போட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கில், 25–34 வயதினர் இப்போதைய வேலையில் இருந்த கால அளவின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 1983இல் 3.0 ஆண்டுகள், 2022இல் 2.8. அதே 2022இல் 55–64 வயதினருக்கு 9.8. இன்றைய 2.8ஐ இன்றைய 9.8ஓடு வைத்தால் இளைஞர்கள் தாவிக்கொண்டே இருப்பதாகத் தெரியும். அன்றைய 3.0ஓடு வைத்தால் ஏறக்குறைய ஒன்றுதான். 27 வயதில் ஒரே வேலையில் 10 ஆண்டு இருந்திருப்பது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. “நாங்க 25 வயசுல வீடு வாங்கினோம், நீங்க காபிக்கும் போனுக்கும் செலவு பண்றீங்க”ன்னு சொல்றாங்க. என்ன சொல்றது?

வாய்ச்சண்டை வேண்டாம், தாளை எடுங்கள். மூன்று கணக்குகள் போதும், ஒவ்வொன்றும் அன்றைக்கு ஒரு முறை, இன்றைக்கு ஒரு முறை. அதே பகுதியில் அதே அளவு வீட்டின் விலையைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தால் வகுத்தால் எத்தனை? முன்பணத்தைச் சேர்க்க, மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் எத்தனை மாதம் ஆகும்? மாதத் தவணை, மாத வருமானத்தில் எத்தனை சதவீதம்?

மூன்றையும் போட வேண்டும். முதல் இரண்டில் பெரும்பாலும் இளையவர் பக்கம் கனக்கும், மூன்றாவதில் பெரியவர் சொல்வது சரியாகவும் வரலாம். அமெரிக்காவில் 1981 அக்டோபரில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டியில் கடன் கட்டியவரிடம் “உங்களுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்தது” என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். காபிச் செலவையும் எழுதுங்கள். ஓர் ஆண்டுக் காபியை முன்பணத்தோடு ஒப்பிட்ட பிறகு அந்தப் பேச்சு மறுபடி எழுவது அபூர்வம்.

10. வயசானவங்களுக்கு டெக்னாலஜி வராது, சின்னப் பசங்களுக்குப் பிறவியிலேயே வரும். இதாவது உண்மைதானே?

இரண்டும் பாதிதான். சாதனங்களோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை தாய்மொழி மாதிரி என்னும் ‘டிஜிட்டல் பூர்வகுடி’ கருத்தை 2001இல் மார்க் பிரென்ஸ்கி கிளப்பினார். ஆனால் 2018இல் பல நாட்டு எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடந்த சர்வதேசக் கணினித் திறன் ஆய்வில், உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம்தான். சாதனத்தோடு வளர்ந்தால் விரல் வேகம் வரும். கோப்பை எந்த ஃபோல்டரில் சேமித்தோம், ஒரு செய்தி உண்மையா என்று எப்படிப் பார்ப்பது, அலுவலக மின்னஞ்சலுக்குத் தலைப்பு எப்படி வைப்பது என்பதெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். புதிதாக வேலைக்கு வந்தவரிடம் “உனக்குத் தெரியாததா” என்று விட்டுவிடுவது இதனால்தான் சிக்கலாகிறது. தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

பெரியவர்களுக்குக் கற்றுத்தரும்போது கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: “குடுங்க, நான் பண்ணித் தரேன்” என்று போனைப் பிடுங்குவது. போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும், தொடுவது அவர் விரல்தான். ஒரு உட்காரலுக்கு ஒரு வேலை, உதாரணமாகப் படம் அனுப்புவது மட்டும். எழுத்தின் அளவை முதலிலேயே பெரிதாக்கிவிடுங்கள், பல நேரம் ‘புரியவில்லை’ என்பது ‘தெரியவில்லை’தான். படிகளை அவரே தன் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டு நாள் கழித்து நோட்டை மட்டும் பார்த்து அவர் செய்யட்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. “இது ரொம்ப ஈஸி” என்று சொல்லாதீர்கள். செயலி புதுப்பிக்கப்பட்டு பொத்தான் இடம் மாறும்போது நோட்டு பொய்யாகிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் தன்னால்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பணம் போய்விடுமோ என்ற பயம் இருந்தால் அது அறியாமை ஆகாது. அந்தப் பயம் கொஞ்சம் இருப்பதே நல்லது.

11. மெசேஜ் போட்டா போதாதா, ஏன் எப்பவும் போன் பண்றீங்கன்னு பசங்க கேக்கிறாங்க. நான் ‘சரி.’னு அனுப்பினா என் பொண்ணு கோவமான்னு கேக்கிறா!

ஊடகத்தின் எழுதாத விதிகள் வேறு வேறு, அதனால் வரும் குழப்பம் இது. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் 126 மாணவர்களிடம் நடத்திய சோதனையில், முற்றுப்புள்ளியோடு முடியும் குறுஞ்செய்திப் பதில் மனதார வந்ததாகத் தோன்றவில்லை. அதையே கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது புள்ளியால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கடிதத்தில் புள்ளி என்பது இலக்கணம். அரட்டையில் ‘அனுப்பு’ பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுவதால், கூடுதலாக ஒரு புள்ளி வைத்தால் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று படிப்பவர் தேடுகிறார்.

தீர்வு சின்னது: இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் போன், இல்லையென்றால் செய்தி. செய்தி இல்லாமல் வரும் அழைப்பு அவசரம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். அவசரமில்லாமல் பேச ஆசைப்பட்டால் “சும்மாதான், நேரம் இருந்தா கூப்பிடு” என்று முதலில் ஒரு வரி.

12. எனக்கு 31 வயசுதான், என்னையே பூமர்ங்கிறாங்க?

பிறந்த ஆண்டைச் சொல்லவில்லை, அறிவுரை சொன்ன தொனியைச் சொல்கிறார்கள். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது உறுப்பினர் கிளோயி ஸ்வார்பிரிக், பருவநிலை பற்றிய தன் பேச்சில் குறுக்கிட்டவருக்கு “ஓகே பூமர்” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததும் அந்தச் சொல் உலகம் சுற்றியது. இப்போது அது ‘போதும் உபதேசம்’ என்பதன் சுருக்கம். கேட்காத அறிவுரையைக் குறைத்தால் பட்டம் தானாகப் போய்விடும்.

13. எல்லாம் சும்மா கிண்டல்தானே, இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

மீமில் நஷ்டம் இல்லை. அது முடிவெடுக்கும் இடத்துக்குப் போகும்போதுதான் நஷ்டம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969இல் இதற்கு ‘வயதுப் பாகுபாடு’ என்று பெயர் வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னது: நினைப்பது, உணர்வது, நடத்துவது. முதியவர்களைப் பற்றி உலகில் இரண்டில் ஒருவருக்கு இந்த மனப்பான்மை இருப்பதாகவும் அது சொல்கிறது. இளையவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. ஐரோப்பாவில் தங்களை வயதை வைத்து மட்டம் தட்டுவதாக அதிகம் சொன்னவர்கள் இளையவர்கள்தான் என்று அதே அறிக்கையில் இருக்கிறது.

நேரடியாகப் பார்க்கக் கூடிய இடம் மருத்துவம். “இந்த வயசுல முழங்கால் வலி சகஜம்” என்று அனுப்பிவிட்டால், வலிக்காத இன்னொரு முழங்காலுக்கும் அதே வயதுதானே என்று கேட்க வேண்டும். கேட்கும் கேள்வி இப்படி இருக்கட்டும்: “40 வயதுக்காரர் இதே தொந்தரவோடு வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்?” இன்னொரு பக்கம், தன் வயதைப் பற்றித் தானே மட்டமாக நினைப்பது. பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 660 பேரில் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். உடல்நிலை, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது. தொடர்பு என்றுதான் சொல்கிறோம், நல்லதாக நினைத்தாலே ஆயுள் கூடிவிடும் என்று படிக்காதீர்கள்.

14. அப்பா “எங்க காலத்துல”ன்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடத் தோணுது. வேற வழி?

அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, தான் பட்ட கஷ்டத்துக்கு ஓர் அங்கீகாரம் கேட்கிறார். அப்படியானால் கேளுங்கள், ஆனால் விவரமாக: “அப்ப உங்களுக்கு என்ன வயசுப்பா? அந்தச் சம்பளத்துல எப்படிச் சமாளிச்சீங்க? தாத்தா உங்களைத் திட்டினாரா?” கடைசிக் கேள்வி நன்றாக வேலை செய்யும். தானும் ஒரு காலத்தில் ‘இந்தக் காலத்துப் பையன்’ என்று திட்டு வாங்கியது அவருக்கே ஞாபகம் வரும்.

இன்னொன்று, உங்கள் வேலை, கல்யாணம், பணம் பற்றி அவருக்கு ஒரு குறிப்பான கவலை இருக்கும், அது காலத்தின் மீதான புகாராக வெளியே வருகிறது. அப்போது காலத்தைப் பற்றி வாதாடினால் ராத்திரி முழுக்கப் போகும். “இப்ப எதைப் பத்திக் கவலைப்படுறீங்கன்னு நேரா சொல்லுங்கப்பா” என்று கேட்டுவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் யாரும் தன் வாதத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

15. என் டீம்ல சின்னப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை. தலைமுறையைப் பேசாம எப்படித் திருத்துறது?

‘பொறுப்பில்லை’ என்பதைத் திருத்த முடியாது. “செவ்வாய் 11 மணிக்கு வர வேண்டிய அறிக்கை புதன் மாலை வந்தது, அதனால் கூட்டத்தில் எண் இல்லாமல் பேச வேண்டியதாயிற்று” என்பதைத் திருத்தலாம். என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன ஆனது என்ற மூன்றும் இருந்தால் போதும். வயதோ குணமோ அந்த வாக்கியத்தில் வரக் கூடாது. அடுத்து, இந்த நேரக்கெடு அவரிடம் சொல்லப்பட்டிருந்ததா என்று உங்களையே கேளுங்கள். பாதி வழக்கு இங்கேயே தள்ளுபடியாகிவிடும்.

எழுதாத விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்: செய்திக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், வேலை நேரத்துக்குப் பிறகு யார் யாரை எதற்காக அழைக்கலாம், வீடியோ கூட்டத்தில் கேமரா வேண்டுமா, ‘சார்’ ‘மேடம்’ போட வேண்டுமா, தாமதமாகும் என்றால் எப்போது சொல்ல வேண்டும். 20 ஆண்டுகளாக அங்கே இருப்பவருக்கு இவை காற்றில் கலந்தவை. புதியவருக்கு 23 வயதானாலும் 53 வயதானாலும் தெரியாது.

16. “ஜென் ஸீ ஊழியர்களைக் கையாள்வது எப்படி”ன்னு பயிற்சி விக்கிறாங்க. எடுக்கலாமா?

எடுக்காவிட்டால் காசு மிச்சம். 2012இல் கோஸ்டான்சாவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வேலைத் திருப்தி, நிறுவனத்தின் மீதான பற்று, விலகும் எண்ணம் ஆகியவற்றில் தலைமுறை வித்தியாசம் மிகச் சிறிது அல்லது இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் இதையே தனியாக ஆராய்ந்து, பணியாளர் நிர்வாகத்துக்குத் தலைமுறைப் பிரிவுகளை நம்பக் கூடாது என்று முடிவு சொன்னது. வயதை வைத்து ஆளெடுப்பதோ ஒதுக்குவதோ பல நாடுகளில் சட்டத்துக்கும் எதிரானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000ஆம் ஆண்டு முதலே இதற்கு ஓர் உத்தரவு இருக்கிறது. அந்தப் பணத்தில் 15இல் சொன்ன ஒரு பக்கத்தை நல்ல தாளில் அச்சடிக்கலாம்.

17. அப்ப தலைமுறை வித்தியாசமே கிடையாதுங்கிறீங்களா? அதுவும் நம்புற மாதிரி இல்லையே.

அப்படிச் சொல்லவில்லை. பிறந்த ஆண்டு சில விஷயங்களில் ஆழமாகவே பதிகிறது. கனடாவில் பட்டம் முடித்தவர்களைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பொருளாதார மந்தநிலையில் வேலைக்கு வந்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள், அந்த இடைவெளி மறைய ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆயின. ஆனால் கோடு எங்கே விழுகிறது பாருங்கள்: வேலைச் சந்தைக்குள் நுழைந்த ஆண்டில். மந்தநிலைக்கு மூன்று ஆண்டு முன்னால் முடித்த அண்ணனுக்கு அந்த அடி அவ்வளவு இல்லை. இருவருக்கும் மீம் கொடுக்கும் பெயரோ ஒன்றுதான்.

சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இலேயே தலைமுறையைப் பற்றிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார். ஒரே சமயத்தில் பிறந்தது மட்டும் போதாது, ஒரே நிகழ்வுகளுக்குள் இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதும் அந்த ஒரே நிகழ்வை ஒரே வயதுக்காரர்கள் எதிரெதிராக எடுத்துக்கொண்டு தனித்தனி அணிகளாகப் பிரிவார்கள். போருக்குப் போனவரும் போரை எதிர்த்துச் சிறை போனவரும் ஒரே தலைமுறைதான். இவர்களை ஒரே குணத்தில் அடைப்பது எப்படி?

18. முந்தின தலைமுறை பூமியைச் சூடாக்கிட்டு, கடனையும் வச்சுட்டுப் போகுது. அவங்களைக் குத்தம் சொல்றது ஸ்டீரியோடைப் இல்லை, நியாயம்தானே?

சுமை இளையவர் தலையில் அதிகம் விழுகிறது என்பதில் சந்தேகமில்லை. இன்று வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே இருக்கும். ஆனால் ‘தலைமுறை’ எந்த முடிவையும் எடுக்கவில்லை, எடுத்தவை அரசுகளும் நிறுவனங்களும். அதே 1950இல் பிறந்தவர்களில் வாழ்நாள் முழுக்கச் சைக்கிளில் போனவர் உண்டு, எண்ணெய்க் கம்பெனி இயக்குநரும் உண்டு. இருவரையும் ஒரே பெயரில் திட்டும்போது நிம்மதியாக இருப்பவர் இயக்குநர்தான்.

ஓய்வூதியம் இன்னும் தெளிவான உதாரணம். பல நாடுகளில் இன்று உழைப்பவர் கட்டும் தொகையிலிருந்தே இன்றைய ஓய்வூதியம் போகிறது. பிறப்பு விகிதம் குறைந்து ஆயுள் கூடினால் கட்டுபவர் குறைவார்கள், வாங்குபவர் கூடுவார்கள். இது யாருடைய பேராசையாலும் நடப்பதல்ல. திருப்ப முடிந்த குமிழ்கள் சில உண்டு: கட்டும் விகிதம், ஓய்வு வயது, கிடைக்கும் தொகை, பொது வரியிலிருந்து எவ்வளவு. எதை எவ்வளவு திருப்புவது என்று கேட்டால் அது அரசியல் கோரிக்கை, பதில் சொல்ல ஆள் இருக்கும். ‘பெருசுகள் தின்றுவிட்டார்கள்’ என்றால் பதில் சொல்ல யாரும் இல்லை.

19. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா உட்கார வச்சுப் பேச வச்சா சரியாயிடுமா?

உட்கார வைத்தால் மட்டும் ஆகாது, சில நேரம் மோசமாகும். மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன அறிக்கை பரிந்துரைக்கும் மூன்று வழிகளில் தலைமுறைகளுக்கிடையே பழகுவதும் ஒன்று (மற்றவை சட்டமும் கல்வியும்). எந்த மாதிரிப் பழக்கம் என்பதை உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே வரையறுத்திருக்கிறார்: அந்த இடத்தில் இருவருக்கும் சம நிலை, பொதுவான ஒரு இலக்கு, சேர்ந்து செய்தால்தான் முடியும் வேலை, மேலிருந்து ஆதரவு.

‘தலைமுறை இடைவெளி’ என்று தலைப்பு வைத்து விவாத மேடை போட்டால் நான்கும் அடிபடும். இரண்டு அணி, ஒரு வெற்றி, கைதட்டல். அதற்குப் பதிலாக ஒரு பழைய ஆல்பத்தை டிஜிட்டலாக்கும் வேலையைக் கொடுங்கள். ஸ்கேன் செய்யவும் கோப்புக்குப் பெயர் வைக்கவும் ஒருவர், படத்தில் இருப்பது யார், எந்த ஆண்டு, எந்த விசேஷம் என்று சொல்ல மற்றவர். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் முடிக்க முடியாது. ஒரு மணி நேரம் வீதம் ஐந்தாறு வாரம் தொடர்ந்து நடக்கட்டும், ஒரே நாள் நிகழ்ச்சியாக வேண்டாம். ஒருவரே ஆசிரியராகவும் மற்றவர் எப்போதும் மாணவராகவும் இருக்கும்படி வேலையைப் பிரிக்காதீர்கள். அடிக்கடி கெடுவது அங்கேதான்: பேரன் சொல்லிக்கொடுக்கிறான், தாத்தா தலையாட்டுகிறார், மூன்றாவது வாரம் இருவருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது.